‘அமைதிப்படை’யை யார் எழுதுவது? – ரஜனி திராணகமவின் ஓர் அத்தியாயத்தை முன்வைத்து

தமிழ்நாட்டில் ‘அமைதிப்படை’ என்று சொன்னால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 1994இல் மணிவண்ணன் இயக்கி சத்யராஜ் நடித்த படம். அமாவாசை நாகராஜ சோழனாகும் கதை. இலங்கைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாட்டையே உலுக்கிய ஒரு ராணுவ நடவடிக்கையின் பெயர் நான்கே ஆண்டுகளில் நகைச்சுவைப் படத்தின் தலைப்பாக நம்மிடையே புழங்கத் தொடங்கிவிட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் பேச்சில் அந்தச் சொல் அதிகம் வருவதில்லை. ‘இந்தியன் ஆமி’ என்பார்கள். ‘அது இந்தியன் ஆமிக் காலம்’ என்று ஒரு பிறப்பையோ சாவையோ இடப்பெயர்வையோ அடையாளம் சொல்வார்கள். படைக்கு அமைதி என்று பெயர் வைத்தவர்கள் ஒரு பக்கம். அந்தப் பெயரை உச்சரிக்க வாய் வராதவர்கள் இன்னொரு பக்கம். இந்தக் கட்டுரை அந்தக் காலம் பற்றிய எழுத்தைப் பற்றியது.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர். ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். உடனே இந்தியப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கியது. வடமராட்சியில் இலங்கை ராணுவம் நடத்திய தாக்குதலிலிருந்து சனங்கள் அப்போதுதான் மூச்சு விட்டிருந்தார்கள். வந்தவர்களை மாலையிட்டு வரவேற்றார்கள். வீட்டுப் பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள். அக்டோபர் 10 அன்று அதே படை புலிகளுக்கு எதிராகப் போரைத் தொடங்கியது. ஆரத்திக்கும் எறிகணைக்கும் இடையில் எழுபத்துச் சொச்சம் நாட்கள். கடைசிச் சிப்பாய் திருகோணமலையிலிருந்து கப்பலேறியது 1990 மார்ச் 24 அன்று. ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இறந்திருந்தார்கள். கொழும்பை ஒட்டி அவர்களுக்கு ஒரு நினைவிடம் இருக்கிறது, கருங்கல்லில் பெயர்கள் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் கல்லைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. இறந்த சிப்பாய்க்கும் ஒரு வீடு இருந்திருக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் படைப்பிரிவுகளும் அங்கே போயிருந்தன என்பதால் அவற்றில் சில வீடுகள் நம் மாவட்டங்களிலேயே இருக்க வேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் பேசிய நூல் எதுவும் என் கைக்கு வந்ததில்லை.

கைக்கு வந்தவை ஆண்களின் நூல்கள். படையின் ஒட்டுமொத்தத் தளபதியாக இருந்த தீபிந்தர் சிங் எழுதினார். முதலில் இறங்கிய 54ஆம் டிவிஷனின் தளபதி ஹர்கிரத் சிங் இருபது ஆண்டுகள் கழித்து எழுதினார். கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே.என். தீட்சித் தன் பதவிக் காலத்தைத் தனி நூலாகவே எழுதினார். மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால் பாகப் பிரிவினை வழக்கில் உட்கார்ந்திருப்பது போல் இருக்கிறது. தளபதிகளுக்குத் தூதர்மேல் கோபம், உளவுத்துறைமேல் கோபம். தூதருக்குத் தன் பக்க நியாயம். பேச்சுவார்த்தைக்கு வரும் பிரபாகரனைச் சுட்டுவிடுமாறு தூதர் சொன்னதாகவும் வெள்ளைக்கொடியின் கீழ் வருபவரைச் சுடமாட்டேன் என்று தான் மறுத்ததாகவும் ஹர்கிரத் எழுதியிருக்கிறார். அந்த ஒரு செய்தியை வைத்தே இன்றும் தொலைக்காட்சி விவாதங்கள் நடக்கின்றன. யார் யாரிடம் என்ன சொன்னார்கள், யார் உறுதி கொடுத்தார்கள், யார் காலை வாரினார்கள் என்பதுதான் அங்கே வரலாறு.

இந்த நூல்களில் யாழ்ப்பாணம் ஒரு நிலப்பரப்பு. உரும்பிராய், கோப்பாய், கொக்குவில் எல்லாம் படை முன்னேறிய பாதையில் வரும் புள்ளிகள். எந்தப் பிரிவு எந்தச் சாலையில் போனது, எங்கே கண்ணிவெடி வெடித்தது, எத்தனை நாள் தாமதமானது என்று எழுதப்படுகிறது. ராணுவத்தார் அப்படித்தான் எழுதுவார்கள், அது அவர்கள் தொழில் மொழி. என் கேள்வி வாசகர்களான நம்மைப் பற்றியது. இந்திய ராணுவத் தலையீடு தோற்றது ஏன் என்று கேட்டால் இந்த நூல்களின் பதில்களையே நாமும் திருப்பிச் சொல்கிறோம்: உளவுத் தகவல் சரியில்லை, கட்டளைச் சங்கிலி சரியில்லை, சென்னையில் அரசியல் சரியில்லை. திட்டம் நன்றாக இருந்திருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும் என்ற நம்பிக்கை இந்தப் பதில்களுக்குள் பத்திரமாக இருக்கிறது.

ரஜனி திராணகம எழுதிய அத்தியாயத்தை இதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. ஸ்ரீதரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய ‘முறிந்த பனை’ நூலில், 1987 அக்டோபர் போரில் பெண்கள் பட்டது என்ன என்பதற்காகவே ஒதுக்கப்பட்ட பகுதி அது. ரஜனி யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவர். ஒரு காலத்தில் புலிகளுக்கு உதவியவர். பிறகு விலகி அவர்களையும் விமர்சித்தவர். போர் ஓய்ந்த இடைவெளிகளில் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேட்டு எழுதினார். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, அந்தப் படை ஊரில் நின்றுகொண்டிருக்கும்போதே எழுதப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. முப்பது ஆண்டு கழித்து ஓய்வூதியத்துடன் எழுதப்படும் நினைவுக்குறிப்புக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு அது.

தளபதிகளின் வரைபடத்தில் புள்ளிகளாக இருந்த ஊர்கள் இங்கே வீடுகளாகின்றன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறக்கப்பட்ட சிப்பாய்கள் சூழப்பட்டு இறந்ததை ராணுவ நூல்கள் வீரக் கதையாகவும் உளவுத் தோல்வியாகவும் விவரிக்கின்றன. அதே நேரத்தில், அதே சுற்றுவட்டாரத்தில், கொக்குவில் பிரம்படியில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள். ஆனால் ஒரே நூலில் ஒரே கனத்துடன் இரண்டையும் பார்ப்பது அரிது. அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் படை நுழைந்தது. அன்றும் மறுநாளும் மருத்துவர்கள், தாதியர், நோயாளிகள், ஊழியர்கள் என்று 60க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். புலிகள் உள்ளேயிருந்து சுட்டார்கள், இடையில் சிக்கியவர்கள் இறந்தார்கள் என்பது படைத் தரப்பின் விளக்கம். புலிகள் சிலர் அன்று மருத்துவமனை வளாகத்துக்குள் வந்ததையும், அவர்களை வெளியே போகச் சொல்லி மருத்துவர்கள் மன்றாடியதையும் ‘முறிந்த பனை’ மறைக்கவில்லை. ஆனால் கைகளை உயர்த்திக்கொண்டு, தாங்கள் மருத்துவர், தாதியர் என்று சொல்லிக்கொண்டு மறுநாள் காலை நடந்து வந்தவர்களைச் சுட்டதை எந்த ‘இடையில் சிக்குதல்’ விளக்கும்?

ரஜனியின் எழுத்தில் என்னை நிறுத்தி வைப்பது கொடுமைகளின் பட்டியல் மட்டும் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். கொடுமைகளைப் பட்டியலிட்ட நூல்கள் வேறும் உண்டு; புலிகள் தரப்பிலிருந்தே பெரிய தொகுப்பு வந்தது. அவற்றில் பெண் வருவாள். கிடத்தப்பட்டவளாக வருவாள். பெயர், ஊர், வயது, என்ன செய்யப்பட்டது, அவ்வளவுதான். மறுநாள் காலையில் அவள் என்ன செய்தாள் என்று அவை கேட்பதில்லை. ரஜனி கேட்கிறார். அவருடைய பெண்கள் பிணத்தை யார் தூக்குவது என்று முடிவு செய்கிறார்கள். பங்கருக்குள் குழந்தைக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்கிறார்கள். காவலரணில் நின்று மகனைத் திருப்பிக் கேட்டு அதிகாரியிடம் வாதாடுகிறார்கள். வீட்டு வளவுக்குள் வந்து சுட்டுவிட்டு ஓடும் பெடியன்களிடமும், ‘நீங்கள் ஓடிவிடுவீர்கள், அடி எங்களுக்கு’ என்ற அதே கோபத்தோடு வாதாடுகிறார்கள். இந்த இரண்டாவது வாதத்தை எழுதியதுதான் ரஜனியை எல்லாத் தரப்புக்கும் ஆகாதவராக ஆக்கியது என்று நினைக்கிறேன்.

வல்லுறவு பற்றி அவர் எழுதும் முறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். செய்தது இந்தியச் சிப்பாய்கள் என்று தயங்காமல் சொல்கிறார். ஆனால் அங்கே நிறுத்திக்கொள்வதில்லை. அது நடந்தபின் அந்தப் பெண்ணைச் சுற்றி எழும் சுவரைக் காட்டுகிறார். குடும்பம் வாயை மூடச் சொல்கிறது. அக்காவுக்கு நடந்தது வெளியே தெரிந்தால் தங்கைக்குக் கல்யாணமாகாது. ஊர் இரக்கப்படுகிறது, அதோடு ஒதுக்கியும் வைக்கிறது. வந்த படை செய்ததை இருந்த சமூகம் தொடர்கிறது. பிறன் படை நம் பெண்ணைக் கெடுத்தது என்று முழங்கும் அரசியலுக்கு இந்தத் தொடர்ச்சி வசதியாக இல்லை. முழக்கத்துக்குத் தேவை கெடுக்கப்பட்ட மானம். மானத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆண்கள்.

அந்த முழக்கத்தின் ஓர் உருவத்தை நாம் அனைவரும் அறிவோம். 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியைக் கொன்ற பெண் இந்தியப் படையால் வல்லுறவுக்கு ஆளானவள் என்ற கதை. சில வடிவங்களில் அவள் தாய்க்கு நேர்ந்தது என்று வரும். இது உறுதி செய்யப்பட்டதே இல்லை. ஆனாலும் பத்திரிகைகளில், புனைவுகளில், மேடைகளில் உண்மையைப் போலவே நடமாடுகிறது. இந்தக் கதை ஏன் இவ்வளவு பேருக்கு இவ்வளவு பிடிக்கிறது? கொலையைக் கண்டிப்பவருக்கும் பிடிக்கிறது, நியாயப்படுத்துபவருக்கும் பிடிக்கிறது. ஆண் ஆயுதம் எடுத்தால் அவனுக்கு அரசியல் இருந்தது என்கிறோம். தவறான அரசியல் என்றாவது சொல்கிறோம். பெண் எடுத்தால் அவள் உடலுக்கு ஏதோ நடந்திருக்க வேண்டும். கண்ணகியை விட்டு நகர நமக்கு மனமில்லை. 1987 அக்டோபர் 10 அன்று, போரின் முதல் நாளிலேயே, கோப்பாயில் இறந்த மாலதியைப் புலிகள் தங்கள் முதல் பெண் மாவீரராகக் கொண்டாடினார்கள். அவரையும் அவரோடு நின்றவர்களையும் கொண்டுபோய் நிறுத்தியது என்ன? வீடா, பள்ளிக்கூடமா, படிப்பின் தரப்படுத்தலா, இயக்கம் கொடுத்த வெளியா? ரஜனிக்குத் துப்பாக்கி ஏந்துவதே விடுதலை என்பதில் நம்பிக்கை இல்லை, அதைத் தெளிவாகவே எழுதினார். ஆனாலும் அந்தப் பெண்களை அரசியல் மனிதர்களாகவே நடத்தி, அரசியலாகவே அவர்களோடு சண்டை போடுகிறார். இந்த மரியாதை அவர்களைக் கொண்டாடிய பலரிடம் இல்லை.

இன்னொரு உருவம் அன்னை. மட்டக்களப்பில் மாமாங்கப் பிள்ளையார் கோயில் அருகே 1988 மார்ச் 19 முதல் நீர் மட்டும் அருந்தி உண்ணாவிரதம் இருந்து ஏப்ரல் 19 அன்று இறந்தார் பூபதி. பத்துப் பிள்ளைகளின் தாய். போர்நிறுத்தம் வேண்டும், பேச்சு வேண்டும் என்பது கோரிக்கை. வெளிநாட்டுப் படை ஒன்றிடம், தீர்க்கமான, நிறைவேற்றக்கூடிய, இரண்டே அம்சங்களில் சொல்லப்பட்ட அரசியல் கோரிக்கை. இன்று ஆண்டுதோறும் விளக்கேற்றுபவர்களின் பேச்சுகளில் அந்தக் கோரிக்கை எவ்வளவு வருகிறது, தாய்மையின் தியாகம் எவ்வளவு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். மகனைப் போருக்கு அனுப்பிய புறநானூற்றுத் தாயோடு அவரைச் சேர்த்துவிடுவது எளிது. அவர் கேட்டது போரை நிறுத்தச் சொல்லி.

சினிமாவுக்கு வருகிறேன், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஷூஜித் சர்க்காரின் ‘மெட்ராஸ் கஃபே’ 2013இல் வந்தபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பு கிளம்பி இங்கே திரைக்கு வரவில்லை. புலிகளைப் பயங்கரவாதிகளாகக் காட்டுகிறது என்பதே எதிர்ப்பாளர்களின் குறை. எனக்கு வேறு குறை. யாழ்ப்பாணத்தில் நடக்கும் இந்தக் கதையில் நினைவில் நிற்கும்படி ஒரு வசனம் பேசும் யாழ்ப்பாணப் பெண் கிடையாது. ஆங்கிலம் பேசும் பத்திரிகையாளர் ஒருத்தி, நாயகனின் சோகத்துக்காகக் கொல்லப்படும் மனைவி ஒருத்தி, கடைசியில் குண்டோடு வரும் ஒருத்தி. தலையீடு ஏன் கெட்டுப்போனது என்பதற்கும் படம் வைத்திருக்கும் பதில் அழகானது: உளவு அதிகாரி ஒருவர் பெண்ணாசை வலையில் விழுந்து தகவலைக் கசியவிட்டார். எண்பதாயிரம் பேர் வரை கொண்டுபோன ஒரு படையின் அரசியல் பிழைக்குக் கடைசியில் ஒரு கட்டில்தான் காரணம்! தமிழ்நாட்டில் படத்தை எதிர்த்தவர்கள் யாரும் இதைப் பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

நல்ல புனைவு வராமலில்லை. வி.வி. கணேசானந்தன் ஆங்கிலத்தில் எழுதிய ‘பிரதர்லெஸ் நைட்’ நாவல் 2024இல் பெண்களுக்கான புனைவுப் பரிசைப் பெற்றது. மருத்துவ மாணவி ஒருத்தியின் கண் வழியே அந்த ஆண்டுகளைச் சொல்கிறது. அதில் வரும் உடற்கூற்றியல் பேராசிரியர் ரஜனியின் சாயலில் உருவானவர். ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதுபவரின் பணிவு அந்த நாவலில் இருக்கிறது. அது எனக்குப் பிடித்தது.

ரஜனியின் அத்தியாயத்தில் குறை இல்லையா? இருக்கிறது. அது யாழ்ப்பாணத்தின் எழுத்து. அக்டோபர் போர் நடந்த இடம் அதுதான் என்றாலும், திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் இதே படை இதே ஆண்டுகளில் என்ன செய்தது என்பதற்குப் பெண்கள் தரப்பில் இதற்கு இணையான ஒன்று நம்மிடம் இல்லை. கிழக்கில் அந்தப் படைக்கும் அதன் துணைக் குழுக்களுக்கும் இடையில் வாழ்ந்த முஸ்லிம் பெண்கள் இந்தச் சித்திரத்துக்கு வெளியே நிற்கிறார்கள். சாதி வரவேண்டிய அளவுக்கு வரவில்லை என்பது என் பெரிய மனக்குறை. சோதனைக்கு வந்த சிப்பாய் கல்வீட்டில் நடந்துகொண்ட விதமும் ஓலைக்குடிசையில் நடந்துகொண்ட விதமும் ஒன்றாக இருந்திருக்காது. ஆங்கிலம் தெரிந்த வீட்டில் அதிகாரியோடு பேச முடிந்தது. மற்ற வீடுகளில் கையைக் கூப்பத்தான் முடிந்தது. வறுமை பற்றி எழுதும் ரஜனி இதை இன்னும் ஓரடி தள்ளிக் கொண்டுபோயிருப்பார் என்று நம்ப இடமிருக்கிறது. அவருக்கு நேரம் கொடுக்கப்படவில்லை.

1989 செப்டம்பர் 21 மாலை, மருத்துவ பீடத்திலிருந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் ரஜனி சுடப்பட்டார். வயது 35. சுட்டது புலிகள் என்பதே அவரோடு வேலை செய்தவர்களின் முடிவு, புலிகள் ஏற்கவில்லை. அப்போது யாழ்ப்பாணத்தில் இந்தியப் படை நின்றிருந்தது. பாதுகாப்புக் கொடுக்க வந்ததாகச் சொன்ன படை, தன்னை விமர்சித்தவளை இன்னொருவர் கொன்றபோது பார்த்துக்கொண்டிருந்தது என்று எழுதினால் அதில் மிகை இல்லை. அவர் முன்நின்று தொடங்கியவற்றில் ஒன்று, போரில் நிராதரவான பெண்களுக்கான பூரணி இல்லம். ஒப்பந்தத்தில் படைக்கும் மாகாண சபைக்கும் ஆயுதக் கையளிப்புக்கும் இடம் இருந்தது. பூரணிக்கு வந்து சேர்ந்த பெண்களைப் பற்றி யோசிக்க வேண்டிய எந்த ஏற்பாடும் அதில் இல்லை.

2009இல் வன்னியில் சனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது இந்தியா தலையிட வேண்டும் என்று தமிழ்நாட்டுத் தெருக்களில் குரல் எழுந்தது. அதில் பெண்களும் ஏராளமாக இருந்தார்கள். அந்தக் குரலின் பதற்றத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கொலை நடக்கும்போது யாராவது வந்து தடுக்க வேண்டும் என்று கத்துவது மனித இயல்பு. 1987இல் ஆரத்தி எடுத்தவர்களும் ஏமாளிகள் அல்லர். ஆனால் தலையிடு என்று கேட்கும்போது என்ன கேட்கிறோம் என்று நம் மேடைகள் விளக்கவில்லை. போர்நிறுத்தத்துக்கு அழுத்தம் கொடு என்பது ஒன்று, படையை அனுப்பு என்பது வேறொன்று. படை வந்தால் அது யாருக்குப் பதில் சொல்லும், அதன் சிப்பாய்மேல் புகார் கொடுக்க ஒரு பெண் எந்த வாசலுக்குப் போவாள், எந்த மொழியில் சொல்வாள், எந்த நாட்டுச் சட்டத்தில் வழக்கு நடக்கும்? இருபது ஆண்டுக்கு முன்பே ரஜனி சேகரித்துவைத்த சாட்சியங்களிலிருந்து எழும் கேள்விகள் இவை. ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பியவர்கள் பெண்களின் விடுதலையையே காரணமாகச் சொன்னார்கள். 2020இல் தோஹாவில் தாலிபானோடு அவர்கள் போட்ட ஒப்பந்தத்தில் பெண்கள் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இந்தியப் படை பெண்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு போகவில்லை என்பதை வேண்டுமானால் அதன் நேர்மையாகக் கொள்ளலாம்.

கடைசிக் காலத்தைப் பற்றிய ஒரு பகுதி இன்னும் சரியாக எழுதப்படவே இல்லை. 1989இல், படை திரும்பப்போவது தெரிந்தபின், மாகாண சபையைக் கையில் வைத்திருந்தவர்கள் இந்தியப் படையின் துணையோடு ‘தமிழ்த் தேசிய ராணுவம்’ ஒன்றைத் திரட்டினார்கள். டியூஷனுக்குப் போன பையன்கள், கடைக்குப் போன பையன்கள் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். தாய்மார் முகாம் முகாமாக அலைந்தார்கள். இந்திய அதிகாரி குழுக்காரரிடம் போகச் சொன்னார், குழுக்காரர் அதிகாரியிடம் போகச் சொன்னார். சில மாதங்களில் படை விலகியது, புலிகள் வந்தார்கள், சில வாரப் பயிற்சியோடு கையில் துப்பாக்கி கொடுத்து விடப்பட்டிருந்த அந்தப் பையன்களில் பலர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் பெயர் கொழும்பின் கருங்கல்லில் இல்லை, மாவீரர் பட்டியலிலும் இல்லை. வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவன் என்று சொல்லி அழவும் அன்று அந்தத் தாய்மாரால் முடியவில்லை. துரோகியின் தாய் என்று பெயர் வரும். அவர்களில் இளையவர்களுக்கும் இப்போது எழுபது வயதுக்கு மேல் இருக்கும். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இன்று வாய்மொழி வரலாறு சேகரிக்கும் இளம்பெண்கள் இருக்கிறார்கள். ரஜனி செய்தது போல் அந்த வீடுகளுக்குப் போய்க் கேட்க இன்னும் சில ஆண்டுகள்தான் இருக்கின்றன.